ஃபெர்லீரன் எந்த லயம்?

உங்கள் தாத்தாவின் அப்பா பேர் என்ன? ஃபோனை எடுக்கக் கூடாது. அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கக் கூடாது. மூன்று எண்ணுவதற்குள் சொல்லுங்கள் பார்க்கலாம்.

வரவில்லை இல்லையா? எனக்கும் வரவில்லை. ஆனால் நான் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை, பொய் சொன்னேன். பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் ஜெர்மன் கிளாஸ். முதல் நாள், பெஞ்சில் பையை வைத்து நிமிர்கிறேன், பக்கத்தில் இருந்த அக்கா ஆரம்பித்துவிட்டார். பேர் கேட்கவில்லை. என்ன படித்தாய் என்று கேட்கவில்லை. நேராக வேருக்குப் போய்விட்டார்.

"எந்த ஊரு தம்பி?"

"பெருமாட்டிங்க்கா."

"அங்கன எத்தன தலமொறையா இருக்கீக?"

"ரொம்ப நாளாவே இருக்கறமுங்க."

"தாத்தா பேரு?"

"ராமசாமிங்க." அது உண்மை.

"அவுக அப்பா பேரு?"

"அவரும் ராமசாமிங்க."

கிளாஸில் இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. ஒரு வீட்டுல அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பேரு வராது. வந்துச்சுன்னா உள்ள ஒரு கத இருக்கும்."

பி.டெக் மெக்கானிக்கல், நான்கு அரியர், நான்கையும் ஒரே மூச்சில் கிளியர் செய்தவன் நான். எனக்குச் சுருக்கென்றது. யாருடா இது, வந்த அன்றைக்கே ஆள் பிடித்து வம்சம் கேட்கிறது என்று பெஞ்ச் மாறி உட்கார்ந்தேன். அடுத்த வாரம் நானாகவே திரும்பி வந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போர் அடிக்காது.

அக்காவுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை டியூட்டி முடித்து, யூனிஃபார்மின் மேல் ஒரு சுடிதார் டாப்பைப் போட்டுக்கொண்டு பஸ் பிடித்து வருவார். சொந்த இடம் வண்டிப்பெரியாறு தாண்டி மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட். அங்கே தொழிலாளிகளின் வீடுகள் ரயில்பெட்டி மாதிரி ஒட்டி ஒட்டி ஒரே வரிசையில் இருக்கும். அதற்குப் பேர் லயம். புதிதாக யாரைப் பார்த்தாலும் அங்கே முதல் கேள்வி, "எந்த லயம்?" அதற்குப் பதில் வந்தால் போதும், அப்பா யார், அத்தை யாரைக் கட்டினாள், போன திருவிழாவில் யார் யாரை அடித்தார்கள் என்பது வரை எல்லாம் தெரிந்துவிடுமாம்.

அந்தக் கேள்வியை அக்கா அப்படியே மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்திருந்தார். கண்டக்டரைக் கேட்பார். கீழே பேக்கரிக்காரரைக் கேட்பார். அவர் கொடுக்கும் டீயை மட்டும் குடிக்க மாட்டார். கிளாஸை மூக்கருகே கொண்டுபோய், "இது எந்த லயத்துத் தேயில, அனாதப் பயலா இருக்கானே" என்று திருப்பி வைத்துவிட்டு வெந்நீர் கேட்பார். பேக்கரிக்காரர் அக்கா தலை தெரிந்தாலே உள்ளே போய்விடுவார்.

ஆப்பரேஷன் முடிந்து மயக்கம் தெளியும் நோயாளியிடம் எல்லா நர்ஸும் "உங்க பேரு என்ன?" என்று கேட்பார்கள். இவர் அப்பா பேரைக் கேட்பாராம்.

"ஏனுங்க்கா அப்படி?"

"சொந்தப் பேர அர மயக்கத்துலயும் சொல்லிருவான். அப்பன் பேரச் சொன்னாத்தான் முழுசாத் தெளிஞ்சிருக்கான்னு அர்த்தம்."

இந்த மனுஷியிடம் ஜெர்மன் வினைச்சொற்களைக் கொடுத்தால் என்ன ஆகும்? நாங்கள் எல்லாரும் வார்த்தை, அர்த்தம், வார்த்தை, அர்த்தம் என்று உருப்போட்டுக்கொண்டிருந்தோம். அக்கா ஒரு பெரிய நோட்டில் ஒவ்வொரு வினைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார். நடுவில் வார்த்தை. மேலே அதன் அப்பா, தாத்தா. பக்கத்தில் சித்தப்பா பிள்ளைகள். பின்பக்கத்தில் எதுவும் எழுத மாட்டார், மை ஊறும் என்று. எங்கிருந்தோ ஒரு பழைய சொற்பிறப்பு அகராதியை ஃபோனில் இறக்கி வைத்திருந்தார். ஆயிரத்துச் சொச்சம் பக்கம். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண ஆல்பம் மாதிரி பஸ்ஸில் அதைப் புரட்டிக்கொண்டே வருவார்.

ஃபெர்லீரன் வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஃபெர்லீரன் என்றால் தொலைப்பது, இழப்பது. சாவியைத் தொலைத்தாலும் அதுதான், ஆளை இழந்தாலும் அதுதான். ஜெர்மனில் வினைக்கு முன்னால் ஓர் ஒட்டு வந்து உட்காரும். ஷ்டேயன் என்றால் நிற்பது. முன்னால் ஃபெர் ஒட்டினால் ஃபெர்ஷ்டேயன், புரிந்துகொள்வது. ஒட்டை எடுத்துவிட்டால் உள்ளே பழைய வினை முழுசாக இருக்கும். மிஸ் இதைச் சொல்லி முடிக்கவில்லை, அக்கா கை தூக்கிவிட்டார்.

"மிஸ், ஃபெர எடுத்துட்டா லீரன். லீரன்னா என்ன?"

மிஸ் மலையாளி, ஜெர்மனியில் நான்கு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். யோசித்தார். "அங்ஙனெ ஒரு வாக்கில்ல."

"அப்டி ஒரு வார்த்தையே இல்லன்னா இது யாரு வீட்டுப் பிள்ள?"

"அது எக்ஸாமினு வரில்ல கேட்டோ."

அக்கா உட்கார்ந்தார். முகம் வாடிப்போயிற்று. நானாவது சும்மா இருந்திருக்கலாம். "அனாத வார்த்தைங்க்கா. அதுக்கு ஒரு சாதி சர்டிஃபிகேட் வாங்கிக் குடுங்க" என்றேன். கிளாஸே சிரித்தது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். எதைத் தொட்டுவிட்டேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நாலு நாள் கழித்து, பஸ் ஸ்டாப்பில் நோட்டைத் திறந்து என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"கண்டுபிடிச்சிட்டேன். லீரன் ஜெர்மன் வீட்டுல இல்ல, செத்துப்போச்சு. முன்னாடி அது லீசன். ஸ இருந்த எடத்துல பெறவு ர வந்து ஒக்காந்துருச்சு. ஆனா ஃபெர்லுஸ்ட்டுன்னு ஒரு வார்த்த இருக்குல்ல, இழப்புன்னு, அதுல பாரு, பழைய ஸ அப்படியே இருக்கு. சில பிள்ளைக மூஞ்சில செத்துப்போன அத்த சாட இருக்கும்லா, அது மாதிரி."

"சரிங்க்கா. பஸ் வந்துருச்சு."

"இருடே. இங்கிலீஷ்காரன் வீட்டுல ஒரு தங்கச்சி இருக்கா. ஃபர்லார்ன். கைவிடப்பட்டவன்னு அர்த்தம். இவளோட கூடப் பொறந்தவ. இழக்கிறதுக்கு இங்கிலீஷ்ல லூஸுங்கான்லா, அதுவும் இந்த லயம்தான்."

"நீங்க லூஸுங்க்கா."

"அந்த லூஸும் இந்த லயம்தான். அவுத்து விட்டது, கட்டு விட்டுப்போனது. எல்லாத்துக்கும் மேல, ரொம்ப மேல, அறுக்கிறது, அவுக்கிறதுன்னு ஒரு வேர் இருக்குங்கான். செல பேரு ஒத்துக்கிடல. நா ஒத்துக்கிடுதேன்."

பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷத்தில்தான் அவர் ஃபெர் விஷயத்துக்கு வந்தார்.

"இந்த ஃபெர் இருக்கே, இது ஒரு ஆளு இல்ல. மூணு ஆளு. கோத்திக்னு ஒரு பழைய மொழி, ஜெர்மனுக்குப் பெரியம்மா முற. அங்கன ஃப்ரா, ஃபௌர், ஃபெய்ர்னு மூணும் தனித்தனியா இருந்துச்சு. மூணுக்கும் வேற வேற வேல. ஜெர்மன்ல வரும்போது மூணு பேருக்கும் ஒரே பேரு விழுந்துருச்சு. இப்ப ஜெர்மன்காரன்ட்ட கேட்டா ஒரே ஆளுன்னுதான் சொல்லுவான்." நோட்டை மூடினார். "எங்க அப்பாவுக்கும் இதான் ஆச்சு."

அப்புறம் சொன்னார். அவருடைய தாத்தா மாடசாமி கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடி உயர்ந்துபோனால் இடுப்புக்குக் கீழே வெட்டி இறக்குவார்கள், அதுதான் கவ்வாத்து. ஒரு நாள் கத்தி வழுக்கிக் காலில் இறங்கிவிட்டது. எஸ்டேட்டில் காலையில் பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் கொஞ்ச நாளில் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் லயத்தில் வீடும் போய்விடும். அதனால் தாத்தா மகனை அனுப்பினார். "மாடசாமி" என்று கூப்பிட்டால் "இருக்கேன்யா" என்று சொல்லு, கால் ஆறியதும் நான் வந்துவிடுகிறேன் என்று. கால் ஆறவில்லை. அதற்குள் எஸ்டேட் கை மாறிப் புதுக் கம்பெனி வந்து புதுப் பேர்ப்புத்தகம் போட்டது. கிளார்க் "மாடசாமி" என்று கூப்பிட்டு நிமிர்ந்து பார்த்தால் மீசை முளைக்காத ஒருத்தன் நிற்கிறான். மாடசாமி, வயது பதினெட்டு என்று எழுதிவிட்டார். பழைய புத்தகத்தை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

"அன்னையிலேருந்து எங்க அப்பா மாடசாமி. ரேஷன் கார்டுல, ஓட்டு லிஸ்ட்டுல, ஆதார்ல. சாகும்போதும் மாடசாமி."

"நெசமான பேரு என்னங்க்கா?"

அன்றைக்கு அதை மட்டும் சொல்லவில்லை.

பிரச்சினை இதுதான். அக்காவின் அண்ணன் ஜீப் ஓட்டுகிறவர். அவருடைய மகள் பிளஸ் டூ முடித்து நர்சிங் சீட்டுக்குக் காத்திருந்தாள். சாதிச் சான்றிதழ் இருந்தால் சீட், இல்லையென்றால் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களுக்குக் கேரளத்தில் அந்தச் சான்றிதழ் வேண்டுமென்றால், சட்டம் சொல்லும் ஒரு குறிப்பிட்ட வருஷத்துக்கு முன்பே இங்கே குடியிருந்ததாகக் காட்ட வேண்டும். மாடசாமி தாத்தா அதற்கு எவ்வளவோ முன்னால் மலை ஏறியவர். ஆனால் காகிதத்தில் இருக்கும் ஒரே மாடசாமி, அந்த வருஷத்துக்குப் பிறகு பிறந்தவர். அப்பா பேர் மாடசாமி, தாத்தா பேரும் மாடசாமி என்று எழுதிக் கொடுத்தால் வில்லேஜ் ஆபிஸர் என்ன நினைப்பார்? ஒரு ஆளையே இரண்டு தடவை எழுதி ஏமாற்றுகிறார்கள் என்றுதான் நினைத்தார். மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பதினாறு வருசத்துக்கு முன்ன எனக்குக் கெடச்ச சீட்டும் இப்டித்தான் போச்சு" என்றார் அக்கா. "பெறவு தேனியில போயிக் கெஞ்சிக் கூத்தாடிப் படிச்சேன். அந்தப் பிள்ளைக்கும் அது ஆவக் கூடாது."

நான் கிளாஸில் விட்ட சர்டிஃபிகேட் ஜோக் அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அக்கா, அன்னைக்கு நானு..." என்று இழுத்தேன்.

"வுடு. நீ சொன்னதுனாலதான் யோசிச்சேன். லீரன் அவன் வீட்டுல இல்லன்னா கூடப் பொறந்தவ வீட்டுல தேடணும். எங்க அப்பாவுக்கு ஒரு அக்கா இருக்கா."

அந்த அத்தை கம்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். தாத்தா செத்தபோது யார் முதலில் கோடித்துணி போடுவது என்று சண்டை வந்து, அதோடு பேச்சு நின்றுவிட்டது. இருபத்தெட்டு வருஷம். அக்கா அடுத்த ஞாயிற்றுக்கிழமையே குமுளி வழியாக இறங்கிப் போனார். அத்தை வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டாராம், "ஒங்கப்பன் எங்கப்பன் பேரத் தின்னவன். நீ எதத் திங்க வந்த?"

"நீங்க பள்ளிக்கூடம் போனீகளா அத்த?" என்று அக்கா கேட்டார்.

அத்தை இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "ரெண்டாங்கிளாஸ். ஏன், பாஸாக்கி விடப் போறியா?" என்றார். உள்ளே கூப்பிட்டுச் சோறும் போட்டார்.

எஸ்டேட்டின் அந்தச் சின்னப் பள்ளிக்கூடம் இன்னும் நடக்கிறது. மொத்தமே பதினோரு பிள்ளைகள். தலைமை ஆசிரியை பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுக்க இரண்டு நாள் அலமாரியைக் குடைந்திருக்கிறார். இருந்தது. அத்தையின் பேர், பிறந்த இடம் அதே எஸ்டேட், பிறந்த வருஷம் சட்டம் சொல்லும் வருஷத்துக்கு முன்னால், தகப்பன் பேர் மாடசாமி. காகிதத்து மாடசாமி அந்தச் சமயத்தில் பிறக்கவே இல்லை. பிறக்காத ஆள் எப்படி மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பான்?

பதிவேட்டு நகலோடு அண்ணன் திரும்பவும் மனு கொடுத்தார். விசாரணைக்குக் கூப்பிடுவோம் என்றார்கள். கூப்பிடவில்லை. எங்களுக்குப் பரீட்சை வந்துவிட்டது.

பரீட்சை கொச்சியில், காலை ஒன்பது மணிக்கு. முந்தின நாள் சாயங்காலமே போய் லாட்ஜில் பைகளைப் போட்டுவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம், நானும் அக்காவும். அக்காவுக்கு ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரி இடம் ஒதுக்கி வைத்திருந்தது. இந்தப் பரீட்சை பாஸானால் போகலாம். ஃபோன் அடித்தது. அண்ணன் மகள். விசாரணை நாளைக் காலை பதினோரு மணிக்கு. சீட்டுக்குக் காகிதம் கொடுக்கக் கடைசி நாள் அதற்கு மறுநாள்.

"உங்க அண்ணன் போகட்டுமுங்க்கா" என்றேன்.

"அண்ணனுக்கு ஜீப் ஓட்டத் தெரியும். பேசத் தெரியாது. ஆபிஸர் ஒரு தடவ அதட்டுனா 'சரி சாறே'ன்னு எந்திரிச்சு வந்துருவான்."

"ஒன்னரை வருசமாப் படிச்சது?"

"படிச்சது எங்க போவும், மண்டையிலதான இருக்கு."

"அந்த ஆஸ்பத்திரிக்காரன் காத்துட்டு இருப்பானாங்க்கா? வேற தேதிக்கு ஸ்லாட் எப்பக் கெடைக்குமோ! நீங்க நெனைக்கறது..."

"தம்பி." கையைக் காட்டி நிறுத்தினார். "நீ எஞ்சினியர்தான? கோடு நேராப் போடுவேல்லா?"

நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தைக் கிழித்தார். ஃபெர்லீரன் பக்கம். அதிர்ந்து போனேன். அந்த நோட்டில் அவர் ஒரு மூலை மடிந்தாலே நீவி விடுகிறவர். திருப்பி வெற்றுப் பக்கத்தை என் முன்னால் வைத்தார். வம்சாவளி வரைய வேண்டும், பார்த்ததும் புரிகிற மாதிரி.

முன்பக்கத்தை ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன், ராத்திரி படிக்க. பிறகு டீ கிளாஸ்களைத் தள்ளிவிட்டு, ஹால் டிக்கெட்டின் ஓரத்தை ஸ்கேலாக வைத்துக் கோடு போட்டேன். மேலே மாடசாமி. கீழே இரண்டு கிளை. இடது பக்கம் அத்தை. வலது பக்கம் அப்பா. பேனாவை வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தேன்.

"பேச்சிமுத்துன்னு எழுது."

"ஆதார்ல மாடசாமின்னு இருக்குதுங்களே. ஆபிஸர் குழம்பிருவாரு."

"அடைப்புக்குள்ள மாடசாமின்னும் போட்டுக்க. மொதல்ல பேச்சிமுத்துன்னு எழுது. இங்கன எழுதுனாத்தான் உண்டு."

எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும், அன்றைக்கு இன்னும் நன்றாக வந்தது. அக்கா அதை விளக்கில் பிடித்து வெகு நேரம் பார்த்தார். பேக்கரிக்காரரே நம்ப மாட்டார், அந்த டீயை முழுக்கக் குடித்தார்.

விடிகாலை முதல் குமுளி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக, "ஸ்பீக்கிங்ல வேகமாப் பேசாத, ஒனக்கு வாய் முன்னால ஓடும்" என்றார்.

நான் பாஸ். ஸ்பீக்கிங்கில் மெதுவாகப் பேசினேன்.

அன்று மாலை ஃபோனில் நடந்ததைச் சொன்னார். ஆபிஸர் பதிவேட்டு நகலைப் பார்த்தார், வம்சாவளியைப் பார்த்தார். "ஒராளெத் தன்னெ ரெண்டு ப்ராவஸ்யம் எழுதியோ?" என்று பழைய பாட்டையே பாடினார். பிறகு காகிதத்தைத் திருப்பினார். பின்பக்கம் முழுக்க அம்புக்குறி, வெளிநாட்டு எழுத்து.

"இதெந்தா?"

"இதுவும் ஒரு குடும்பம்தான் சாறே" என்று அக்கா ஆரம்பித்திருக்கிறார். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டாராம். அக்கா மலையாளத்தில் ஃபெர்லீரன் பூர்வீகம் முழுவதையும் சொன்னார். ஷ்டேயன், ஃபெர்ஷ்டேயன், செத்துப்போன லீரன், இங்கிலீஷில் இருக்கும் தங்கச்சி, ஒரே பேருக்குள் மாட்டிக்கொண்ட மூன்று பேர். அங்கே ஒரே ஆளை மூன்று தடவை எழுதவில்லை சாறே, மூன்று ஆளை ஒரே தடவை எழுதிவிட்டார்கள். எங்கள் வீட்டில் இரண்டு ஆள், அவ்வளவுதான் வித்தியாசம்.

"என்ன சொன்னாருங்க்கா?"

"பள்ளிக்கூடத்து வருசத்தையும் பேர்ப்புத்தகத்து வயசையும் ஒரு தாள்ல எழுதிக் கழிச்சுப் பாத்தாரு. இன்னொரு தடவ பாத்தாரு. ஆபிஸ் சீலு எடுன்னாரு. கெளம்பும்போது, ஷ்டேயன்னா என்னன்னு கேட்டாரு."

அண்ணன் மகளுக்குச் சீட் கிடைத்தது. அக்காவுக்கு அடுத்த பரீட்சைத் தேதி கிடைப்பதற்குள் அந்த ஜெர்மன் ஆஸ்பத்திரி வேறு ஆளை எடுத்துவிட்டது. "பரவால்ல, இங்கன ஆளா இல்ல" என்று வண்டிப்பெரியாறு பக்கமே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். கிளாஸுக்கு அப்புறம் வரவில்லை. அவர் உட்காரும் இடத்தில் மூன்று மாதம் யாரும் உட்காரவில்லை. பேக்கரிக்காரர் ஒரு நாள் என்னிடம், "ஆ சேச்சி எவிடெ?" என்று கேட்டார். நல்ல தேயிலை வாங்கி வைத்திருந்தாராம்.

நான் இங்கே ஜெர்மனியில், சின்ன ஊரில், லிஃப்ட் ரிப்பேர் வேலையில் இருக்கிறேன். போன மாதம் பட்டறைச் சாவியைத் தொலைத்தேன். தொலைத்துவிட்டேன், ஃபெர்லோரன் என்று என் மேஸ்திரியிடம் சொன்னேன். திட்டப் போகிறார் என்று தெரிந்ததும், அவர் வாயைத் திறப்பதற்குள் அந்த ஃபெர் மூன்று ஆள் என்று ஆரம்பித்தேன். அறுபது வயது ஜெர்மன்காரர். தெரியாது என்றார். உங்கள் தாத்தாவின் அப்பா பேராவது தெரியுமா என்று கேட்டேன். அதற்கும் யோசித்தார். சாவியை மறந்துவிட்டார்.

இதை அக்காவிடம் சொல்ல வேண்டுமென்று அன்றைக்கே கூப்பிட்டேன். அந்த நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. என் ஃபோனில் இருப்பது ஃபெர்லீரன் பக்கத்தின் படம் மட்டும்தான். வம்சாவளி வரைந்த மறுபக்கத்தைப் படம் எடுக்க எனக்குத் தோன்றவில்லை. பேச்சிமுத்து என்று எழுதிய ஒரே காகிதம் அந்த வில்லேஜ் ஆபிஸின் ஃபைலில் இருக்கிறது.